நடு ஸ்பீக்கர்

பேச்சு நின்றுபோன பிறகும் மச்சான் சிரித்துக்கொண்டிருந்தார். சேலத்தில் ஓர் ஆடியோ கடையின் மாடி அறை அது. வெளிச்சத்தம் நுழையாதபடி சுவரெல்லாம் பஞ்சுப் பலகை அடித்திருந்தார்கள். எதிரே திரையில் இரண்டு பங்காளிகள் மழையில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மழைச் சத்தம் கேட்டது, பின்னணி இசை கேட்டது, ஆனால் பங்காளிகளின் வாய் மட்டுந்தான் அசைந்தது. கடைக்கார பாய் கையில் ஒரு வயரைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். மச்சான் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. தொடையில் தட்டிச் சிரித்துவிட்டு, "பாத்தீங்களா மாப்ள, தண்ணியே இல்லாத கெணத்துக்குப் பங்கு கேக்கறானுங்க" என்று முழங்கையால் என்னை இடித்தார்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். குமாரபாளையத்தில் எட்டு விசைத்தறி வைத்து ஓட்டுகிறவர். பதினைந்து வயதில் தறிக்கூடத்துக்குள் போனவர், சோற்றுக்கும் தூக்கத்துக்கும் மட்டும் வெளியே வருவார். நான் வெண்ணந்தூர்க்காரன். கல்யாணத்துக்குப் பிறகு அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடிவந்தவன். அங்கே ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளன். இசைக்கவையைத் துடைத்து வைப்பது, உடைந்த கண்ணாடிக் குழாய்க்கு எந்த மாணவன் பொறுப்பு என்று கண்டுபிடிப்பது, இவைதான் என் அறிவியல் பணிகள். ஒலி என்பது என்ன, அது காதுக்குள் எப்படிப் போகிறது என்று காட்டும் படம் என் தலைக்கு மேலேயே மாட்டியிருந்தது. அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டுதான் பதினெட்டு வருடமாக ஒன்றும் புரியாமல் இருந்திருக்கிறேன்.

பெண் பார்க்கப் போன அன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மனைவி வீட்டார் ஒருவரையொருவர் பார்த்து வாயசைத்தார்கள், சத்தமே வரவில்லை. பேருந்தில் ஜன்னலோரம் வந்ததில் காற்றுப் புகுந்து எனக்குத்தான் காது அடைத்துவிட்டது என்று நினைத்தேன். எச்சிலை விழுங்கிப் பார்த்தேன், சுண்டுவிரலை விட்டுக் குடைந்தேன், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினேன். தறிக்கூடத்தில் எட்டுத் தறி ஓடும்போது தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காது, அதனால் அங்கே எல்லாரும் வாயசைத்தே பேசிக்கொள்வார்கள், வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் போகாது என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அன்று மச்சான் எதிரே உட்கார்ந்து சத்தமில்லாமல் என்ன சொன்னார் என்பதை மனைவி கல்யாணத்துக்குப் பிறகு சொன்னாள். "மாப்பளைக்குக் காதுல ஏதோ கோளாறாட்ட இருக்குது, நல்லா விசாரிச்சுக்கங்க."

எனக்கு ஒரு வியாதி உண்டு. நாலு பேர் கூடினால் அவர்களைச் சிரிக்க வைத்தே தீர வேண்டும். இழவு வீட்டில்கூடப் பந்தல்காரன் சிரிக்கும்வரை எனக்குத் திருப்தி வராது. மனைவி பக்கத்துச் சொந்தங்கள் சீக்கிரமே என் வலையில் விழுந்துவிட்டார்கள். மச்சான் மட்டும் விழவில்லை. நான் சொல்லச் சொல்ல என் முகத்தையே உற்றுப் பார்ப்பார். எல்லாரும் சிரிக்கும்போது வாயை இறுக்கிக்கொண்டு, தட்டில் மிச்சமிருக்கும் சோற்றை ஒரு ஓரமாக ஒதுக்குவார். சம்பளம் குறைந்த மாப்பிள்ளை, அதிலும் வாயாடி, இவனை மதித்துச் சிரிக்க வேண்டுமா என்று நினைக்கிறார் என்றே எண்ணியிருந்தேன். ஊரே சிரித்தாலும் மனசு கணக்கில் எடுத்துக்கொள்ளாது, சிரிக்காத அந்த ஒரு முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த ஒரு சிரிப்பை வாங்காமல் ஓய்வதில்லை என்று வருடக்கணக்கில் நான் பட்ட பாட்டை ஏதாவது உருப்படியான வேலையில் பட்டிருந்தால் இந்நேரம் பதவி உயர்வாவது வந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மச்சான் எங்கள் வீட்டுக்குப் படம் பார்க்க வருவார். பழைய தமிழ்ப் படமென்றால் முழுதும் உட்கார்ந்திருப்பார். மொழிமாற்றுப் படமாக இருந்தால் கால் மணி நேரத்தில் எழுந்துவிடுவார். குழந்தைகள் ஆசையாகப் போட்ட இங்கிலீஷ் படமெல்லாம் இப்படித்தான் ஆகும். "நல்லா இல்லீங்க, வாரேன்" என்று செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விடுவார். அவர் போனதும் என் பையனின் முகம் சுருங்கிவிடும். எங்கள் வீடு அவருக்குப் பிடிக்கவில்லை, என்னைப் பிடிக்கவில்லை, கடைசியில் எங்கள் டிவியின் சத்தந்தான் சரியில்லை என்று ஒரு முடிவுக்கு வந்தேன். குறை நம்மிடம் இல்லை, பொருளில்தான் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதைப் போல நிம்மதி வேறில்லை.

ஸ்பீக்கர்கள் ஐந்து ஏற்கெனவே இருந்தன. வெளிநாடு போன பேராசிரியர் ஒருவர் சல்லிசாகக் கொடுத்துவிட்டுப் போனவை, எட்டு மாதமாகக் கட்டிலுக்கடியில் கிடந்தன. அவற்றுக்கெல்லாம் சத்தத்தைப் பங்குபிரித்துக் கொடுக்கும் பெட்டி, அதாவது ரிசீவர், அதுதான் வேண்டியிருந்தது. முப்பதாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் அண்ணன் வீட்டுக்கே போய்விடுவேன் என்று மனைவி சொல்லியிருந்தாள். அண்ணன் வீடு இரண்டு தெரு தள்ளி என்பதால் அதில் எனக்குப் பெரிய பயமில்லை. ஆனாலும் பட்ஜெட் பட்ஜெட்தான். இரண்டு மாதம் யூடியூபே கதியென்று கிடந்தேன். யார் யாரோ தங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசியதையெல்லாம் நோட்டில் எழுதினேன். கடைசியில் பெயரே கேள்விப்படாத ஒரு கம்பெனியின் ஏழு ஸ்பீக்கர் ஓட்டும் பெட்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். எங்களிடம் இருந்ததோ ஐந்து. ஆனால் வாட்ஸ் அதில்தான் அதிகம், நீல விளக்கு எரியும், ரிமோட்டில் என் வயதைவிட அதிகமாகப் பொத்தான்கள். மச்சான் இனி எழுந்து போகிறாரா பார்ப்போம் என்று கறுவிக்கொண்டேன்.

"எங்கண்ணனையும் கூட்டிட்டுப் போங்க. அது மிசினு பாக்கத் தெரிஞ்ச ஆளு" என்றாள் மனைவி. அப்படித்தான் அவரும் சேலத்துக்கு வந்தார்.

கடையில் அவர் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. நான் தேர்ந்தெடுத்த பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். கீழே வைத்தார். பக்கத்தில் இருந்த ஐந்து ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கினார். அது பார்வைக்குச் சின்னது, விளக்கு கிடையாது, நோட்டில் நான் அடித்துவிட்ட பெயர்.

"சின்னதுதானுங்க கனம் எச்சா இருக்குது. பெரிசுல பாதி வெறுந் தகரம்."

பாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது. "இவருக்குத் தெரியுது சார். உள்ள இருக்கிற டிரான்ஸ்பார்மர்தான் கனம். நீங்க சொல்ற வாட்ஸ் எல்லாம் ஒரே ஒரு ஸ்பீக்கரை மாட்டி அளந்தது. அஞ்சும் சேர்ந்து ஓடுனா மூச்சு வாங்கிடும்." பிறகு திரைக்கு நேர் கீழே இருந்த ஸ்பீக்கரைத் தொட்டுக் காட்டினார். "மத்ததெல்லாம் மழை, இடி, பாட்டு. ஆள் பேசற பேச்சு முக்கால்வாசி இந்த நடு ஸ்பீக்கர்லதான் வரும். அதை எது நல்லா பேச வைக்குதோ அதை வாங்குங்க."

எனக்கு மானம் போய்விட்டது. ஓட்டிக் காட்டாமல் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றேன். முதலில் பெரிசில் அந்தப் பங்காளிச் சண்டையை ஓட்டினார். பிறகு வயர்களையெல்லாம் கழற்றிச் சின்னதில் மாட்டி, அதே படத்தை விட்ட இடத்திலிருந்து போட்டார். அவசரத்தில் ஒரு வயரை மாட்ட மறந்துவிட்டார். அது நடு ஸ்பீக்கரின் வயர்.

மச்சான் சிரித்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன். சிரிப்பு ஓய்ந்து திரும்பியவர், பாய் கையிலிருந்த வயரைப் பார்த்தார். எங்கள் முகங்களைப் பார்த்தார். மிசின் பார்க்கத் தெரிந்த ஆள்தானே, ஒரு நொடியில் புரிந்துவிட்டது. பாய் மெதுவாகப் படத்தை நிறுத்திவிட்டு, "டீ சொல்லிட்டு வர்றேன்" என்று கீழே இறங்கினார். ஆள் விட்டே சொல்லியனுப்பியிருக்கலாம். அந்த நல்ல மனதுக்காகவே அந்தக் கடையில் வாங்குவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

"எத்தன வருசமா மச்சான்?" என்றேன்.

அவர் கையை அமர்த்திக் காட்டினார். "நீங்க கேக்கறது எனக்கு வெளங்காதுங்க. நானே சொல்லிப்போடறேன். இடி கேக்குது, மழை கேக்குது, லாரி வந்தாக் கேக்குது. ஆளு பேசறது மட்டும் கேக்கறதில்ல. எப்பப் போச்சுன்னு தெரியலீங்க. தறிக்குள்ள எல்லாருமே செவுடுதானுங்களே, அங்க எப்படித் தெரியும்? வாயப் பாத்துக்குவேன். படத்துலயும் வாயப் பாத்துக்குவேன். டப்பிங் படத்துல வாய் வேற பாசையில அசையும், படிக்க முடியாது, அதுதான் எந்திரிச்சுப் போயிருவேன்."

"வீட்ல சொல்ல வேண்டியதுதானே" என்றேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் வாயையே பார்த்தார்.

"உங்க மீசைங்க மாப்ள. மொதல் நாள்லேருந்தே. மேல் உதடே தெரியறதில்ல."

என் மீசையைப் பற்றி நான் இதுவரை சொல்லவில்லை. சொல்லும்படியாக இருந்த ஒரே உடைமை அதுதான். கல்லூரியில் மாணவர்கள் எனக்கு வைத்திருந்த பெயரே அதை வைத்துத்தான். இரண்டு பக்கமும் வழிந்து வாயை மூடிக்கொண்டு நிற்கும். வேறு வழி தெரியாமல் இரண்டு விரலால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இப்பத் தெரியுதா?" என்றேன்.

"இப்பத் தெரியுதுங்க."

மீசையைத் தூக்கியபடியே மீண்டும் கேட்டேன், ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று.

"சொன்னா எல்லாரும் கத்துவாங்க. கத்துனா வாய் கோணிக்குது, அப்பறம் ஒண்ணும் படிக்க முடியாது." பாய் விட்டுப்போன வயரை எடுத்துச் சுருட்டினார். "நீங்க எதையோ சொல்றீங்க, எல்லாருஞ் சிரிக்கறாங்க. எனக்கும் சிரிக்கோணும்னுதான் இருக்கும். எங்க சிரிக்கறதுன்னு தெரியாது. தப்பான எடத்துல சிரிச்சுப்புட்டா வெளிய தெரிஞ்சு போயிருமில்லீங்க. அதுதான் கம்முனு இருந்துக்கறது. நீங்க ஒண்ணும் தப்பா நெனச்சுக்கலையே?"

பதினெட்டு வருடமாகத் தப்பாக மட்டுந்தான் நினைத்திருந்தேன். தூக்கிய மீசையை விடாமலே, இல்லை என்று பொய் சொன்னேன். டீயோடு உள்ளே வந்த பாய், பஞ்சு அடித்த அறையில் ஒருவன் தன் மீசையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நிற்பதையும் இன்னொருவர் அவன் வாயைக் குனிந்து பார்ப்பதையும் கண்டு, தம்ளர்களை வைத்துவிட்டு மறுபடியும் இறங்கப் போனார். நான்தான் கூப்பிட்டு நிறுத்தி, சின்னதையே கட்டச் சொன்னேன். அதில் நடு ஸ்பீக்கரின் சத்தத்தை மட்டும் தனியாக ஏற்றி வைத்துக்கொள்ளலாமாம். "ஏத்தறது ஏத்துங்க. ஆனா காது டாக்டரையும் ஒரு எட்டுப் பார்த்துடுங்க" என்று மச்சானுக்கு நேராக முகத்தை வைத்து, கத்தாமல், நிறுத்திச் சொன்னார் பாய். ஒருமுறை பார்த்தே கற்றுக்கொண்டுவிட்டார். எனக்குப் பதினெட்டு வருடம் பிடித்தது.

திரும்பும்போது பேருந்தில் பெட்டி என் மடியில் இருந்தது. தங்கச்சியிடம் சொல்லக் கூடாது என்று மச்சான் சத்தியம் வாங்கிக்கொண்டார். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட பிறகு, விருந்துகளில் அவர் ஓரமாக ஒதுக்கிய சோற்றுப் பருக்கைகளையெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். நான் கர்வம் என்று எடுத்துக்கொண்டது, தப்பான இடத்தில் சிரித்துவிடக் கூடாதே என்ற வெறும் கவனம். ஏழு ஸ்பீக்கர், எத்தனையோ வாட்ஸ் என்று தேடி அலைந்தவன், எதிரில் இருப்பவருக்கு நான் சொல்வது போய்ச் சேருகிறதா என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. போய்ச் சேரவில்லை என்றால் குறை அவருடையது என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு காலை சலூனில் மீசையை எடுத்துவிட்டேன். முடிதிருத்துபவர் மூன்று முறை கேட்டுக்கொண்டுதான் கத்தியை வைத்தார். பையன் அழுதான். மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்க, யாரு செத்துப் போனாங்க?" என்றாள். சத்தியம் செய்து கொடுத்திருந்ததால் காரணம் சொல்ல முடியவில்லை. வெயில் என்றேன். அவள் நம்பவில்லை, ஒரு வாரம் என் கைப்பேசியைக் கண்காணித்தாள்.

மதியம் மச்சான் வந்தார். வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்தார், வந்து உட்கார்ந்தார். நடு ஸ்பீக்கரை ஏற்றி வைத்துத் தமிழ்ப் படம் ஒன்றைப் போட்டேன். கதாநாயகன் இருபது பேரை அடித்துக்கொண்டிருந்தான். வழக்கம்போல எனக்கு நாக்கு அரித்தது. இந்த முறை மச்சானுக்கு நேராகத் திரும்பி, அவசரப்படாமல் சொன்னேன். "பேங்குல டோக்கன் வாங்கிட்டு வந்தவனுங்க மாதிரி ஒவ்வொருத்தனா வந்து அடி வாங்கறானுங்க பாருங்க."

அவர் என் உதட்டையே பார்த்தார். முழுதாக வாங்கிக்கொண்டார். கொஞ்சம் யோசித்தார். பிறகு, சத்தமே இல்லாமல், தறிக்கூடத்து ஆட்கள் பேசுவதைப் போல வாயை மட்டும் அசைத்து என்னிடம் ஒன்று சொன்னார். எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்த மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள்தான் சொன்னாள்.

"பதினெட்டு வருசமா இதத்தான் சொல்லிட்டிருந்தீங்களான்னு கேக்குதுங்க அண்ணன். பேசாம மீசைய வளத்துக்கச் சொல்லுது."

மச்சானும் சிரித்தார். படம் முடியும் வரைக்கும் எழுந்து போகவில்லை.

இதெல்லாம் ஆறு வருடத்துக்கு முன்னால். இப்போது எழுதுவதால் சத்தியம் மீறியதாகாது. மச்சான் பிறகு தானே எல்லாரிடமும் சொல்லிவிட்டார், காதுக்கு ஒரு கருவியும் வாங்கிக்கொண்டார். நான் பேச வாயெடுத்தால் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். பையில் போட்டுவிட்டு, நாற்காலியை என் பக்கம் திருப்பி, என் வாயைப் பார்க்கிறார். நான் இன்னும் மீசையை வளர்க்கவில்லை.