செத்த லாரி நிறுத்தம்

எங்கள் முக்குக்கு வேறு பெயர் உண்டு, யாரும் சொல்வதில்லை. டெச்சிமானிலிருந்து வரும் ஒவ்வொரு ட்ரோட்ரோ வேனிலும் கிளீனர் தலையை வெளியே நீட்டி, “செத்த லாரி! செத்த லாரி இறங்குறவங்க யாரு?” என்று கத்துவான். முக்கில் வருஷக்கணக்காக ஓடாமல் நிற்கும் அந்த லாரியின் சொந்தக்காரி யா சிரேவா, எதிரே கிழங்குக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து இதை நாள் முழுக்கக் கேட்க வேண்டும்.

“உங்கப்பன் வண்டிடா செத்தது!” என்று அவளும் விடாமல் கத்துவாள்.

நான் அந்த லாரி நிழலில் கிழங்கு பொரித்து விற்றவள். அது கிளம்பினால் என் தலையில் வெயில். ஆனாலும் நான் அவள் கட்சிதான்.

தலைச்சுமையாகக் கிழங்கு விற்று, பிறகு கைவண்டி தள்ளி, கடைசியில் அந்த டீசல் லாரியை வாங்கியவள் அவள். ஓட்ட வைத்த டிரைவர் ஒருநாள் கியர்பாக்ஸை உடைத்து, வண்டியை முக்கில் போட்டுவிட்டு குமாசிக்குக் கம்பி நீட்டினான். அதைச் சரிசெய்யச் சேர்த்து வைத்ததெல்லாம் தம்பியின் சாவுச் சடங்குக்குப் போயிற்று. எங்கள் பக்கத்துச் சாவுச் சடங்கு ஒரு லாரியையே விழுங்கிவிடும். வருஷங்கள் ஓடின. லாரிக்கடியில் ஆடுகள் குட்டி போட்டன. பழைய இரும்புக்குக் கேட்டு வந்தவர்களை அழுகல் கிழங்கால் அடித்துத் துரத்தினாள். இடையில் மச்சானின் டிராக்டரில் ஓட்டப் பழகி லைசென்ஸும் வாங்கிவிட்டாள், பேரப்பிள்ளை எடுத்த வயதில்!

“இனிமே என் ஸ்டீயரிங்க எவனும் தொடக்கூடாது” என்றாள். ஓடாத வண்டிக்கு என்ன ஸ்டீயரிங் என்று ஊரே சிரித்தது.

அப்புறம்தான் நகரசபை மேஸ்திரி டார்க்வா வந்து, லாரியின் பக்கவாட்டில் சிவப்புப் பெயிண்டால் ‘அகற்று’ என்று எழுதினான். வெள்ளிக்கிழமை வெட்டி எடுத்துப் போவார்களாம்.

“நானே எடுத்துக்கறேன்” என்றாள் சிரேவா.

“கயிறு கட்டி இழுத்து அடுத்த முக்குல போடுவ. அந்தக் கதையே வேணாம். தன் கால்ல போகணும். கயிறப் பாத்தேன்னா, வண்டிய அங்கயே வெட்டிருவேன்.”

மெக்கானிக் இத்ரிசு வந்தார். சாவியை நீட்டிய சிரேவாவைத் தடுத்தார்.

“அவசரப்படாத அக்கா. முதல்ல கையால சுத்திப் பாக்கணும். உள்ள துரு புடிச்சு இறுகியிருந்தா மேஸ்திரிகிட்டயே குடுத்துரு.”

இன்ஜினுக்குள் எண்ணெய் விட்டு ஊறவைத்து, கம்பியைப் போட்டு நெம்பினார். முக்கி முனகிச் சுற்றியது. சிரேவா அந்த இடத்திலேயே ஓர் ஆட்டம் போட்டாள். டாங்கிலிருந்த பழைய டீசல் தார் போலக் கெட்டியாய் வழிந்தது. டாங்கைக் கழுவி, பில்டர் மாற்றி, சிரேவா மறுபடி சிறுகச் சேர்த்திருந்த காசில் எங்கோ உடைந்து கிடந்த வண்டியின் கியர்பாக்ஸை வாங்கி மாட்டி, பிரேக்கைச் சரிசெய்தார். டீசல் குழாயில் நின்ற காற்று வெளியேறும்வரை சிரேவாவே கைப்பம்பை அடித்தாள். டயர்கள் மட்டும் மச்சானின் டிராக்டர் டிரெய்லரிலிருந்து இரவல்.

வெள்ளிக்கிழமை காலை டார்க்வா இரும்பு வெட்டும் கேஸ் சிலிண்டரோடு வந்துவிட்டான். சிரேவா ஏறிச் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் இருமியது, வெள்ளைப் புகை கக்கியது, அடங்கியது. மறுபடி திருப்பினாள். பேட்டரி உயிரை விட்டுவிட்டது.

டார்க்வா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “இறங்கு மாமி! செத்ததை எழுப்ப எங்க பாஸ்டராலயே முடியல.”

அவள் இறங்கவில்லை. ஜன்னலில் தலையை நீட்டினாள்.

“ஏய் கிழங்குக்காரிகளா! என்னடி வேடிக்கை? வந்து தள்ளுங்கடி!”

அடுப்பில் எண்ணெய் கொதிக்க, அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். சந்தையே என் பின்னால் வந்தது.

“தள்ளக்கூடாது!” என்று டார்க்வா குறுக்கே வந்தான்.

“கயிறுன்னுதானே சொன்ன? எங்க கயிறு? காட்டு பாப்போம்!” என்றாள் சிரேவா. “தள்ளி நில்லு, மேல ஏத்திருவேன்!”

ஆற்றுப் பக்கம் சாலை சரிவு. தோள் கொடுத்தோம். சக்கரம் அசைந்தது, உருண்டது. இரண்டாவது கியரில் கிளட்சைச் சட்டென்று விட்டாள். வண்டி குலுங்கியது, கரும்புகை எங்கள் முகத்தில் அடித்தது, இன்ஜின் உறுமியது. எனக்கு அழுகை பொங்கி வந்தது. புகையால் என்று சொல்லிக்கொள்ளப் போவதில்லை, சந்தோஷத்தால்தான் அழுதேன். அடுப்பில் என் எண்ணெய் கருகிப்போனது, போகட்டும்.

மறுநாள் இத்ரிசு பெயிண்ட் டப்பாவோடு வந்து, சிவப்பு எழுத்தை அழிக்கட்டுமா என்று கேட்டார்.

“இருக்கட்டும். எழுதினவன் தினம் படிக்கட்டும்.”

இப்போது அந்த ‘அகற்று’ வாரச்சந்தைதோறும் நகரசபை வாசல் வழியாகத்தான் போகிறது. நான் குடை பிடித்துக் கிழங்கு பொரிக்கிறேன். வேன்காரர்கள் பழைய பெயரை விடவில்லை. சிரேவாவும் இப்போது அவர்களைத் திட்டுவதில்லை. பழைய இடத்திலேயே, என் குடையை ஒட்டி பிரேக் போடுகிறாள். ஹாரனை அழுத்திக்கொண்டே தெரு அதிரக் கத்துகிறாள்:

“செத்த லாரி வந்திருச்சு! ஏறுறவங்க ஏறுங்க!”