மஞ்சள் தடவிய ஆப்சென்ட் கார்டு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். பாதியில் நின்றுபோகும் பிள்ளைகளை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். சேர்ந்தாற்போல் நாலு நாள் வராவிட்டால் வீட்டுக்கு ஒரு போஸ்ட் கார்டு. அவ்வளவுதான் திட்டம். நம் பிள்ளைகள் லேசுப்பட்டவர்களா? தபால்காரரை வழியிலேயே மடக்கி, கார்டை வாங்கிக் கிழித்துப் போட்டார்கள்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! அடுப்படிக்குள் போய் மஞ்சளைக் குழைத்துக் கார்டுகளின் நான்கு மூலையிலும் தடவினேன். கல்யாணச் சேதி என்றால் தபால்காரர் பெரியவர்கள் கையில்தானே கொடுப்பார்? "கூறுகெட்ட மனுசா, இதுக்கா மஞ்சள்?" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் கார்டுகள் போய்ச் சேர்ந்தன. பையன்கள் முதுகைத் தடவிக்கொண்டே வகுப்புக்கு வந்தார்கள்.

அப்போதுதான் வத்திராயிருப்பிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண் திடீரென்று நின்றுபோனாள். கணக்கில் புலி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், சம்மதம் என்று பதில் வந்தால் படிப்பு அவ்வளவுதான் என்று அவள் தோழி சொன்னாள். பதறிப்போய் அன்றைக்கே கார்டு போட்டேன். அந்த வீட்டுக்கு மஞ்சள் கார்டு போனால் என்ன ஆகும் என்று இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் அவளுடைய அப்பா வந்து நின்றார். பின்னால் அம்மா.

"ஏன்யா, ஆப்சென்டுக்கு மஞ்சள் தடவுற காலேஜு எந்த ஊர்லய்யா இருக்கு? இந்தா நிக்கிறாளே, இவ கொண்டாந்து சாமி படத்துக்கு முன்னால வச்சா. மாப்பிள்ளை வீட்டுப் பதில்னு தெருவுக்கே சீனி குடுத்துட்டேன். பொறவு கண்ணாடியப் போட்டு வாசிச்சா, வகுப்புக்கு உடனே அனுப்பவும்னு இருக்கு!"

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அம்மாதான் பேசினாள்.

"சாமி முன்னால வச்சுக் கும்பிட்ட காகிதம். அனுப்பச் சொல்லி உத்தரவாயிருச்சு. மீறுனா குடும்பத்துக்கு ஆகுமா? மாப்பிள்ளை வீட்டுப் பதிலும் இன்னும் வரல."

அப்பா என்னை முறைத்தார். அம்மாவை முறைத்தார். "படிச்சுத் தொலைக்கட்டும்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

திங்கட்கிழமை அவள் வந்து உட்கார்ந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வகுப்பு முடிந்ததும் கேட்டேன்: "மாப்பிள்ளை வீட்டில் பதிலே போடவில்லையாம்மா?"

"போட்டாக சார். சம்மதம்னுதான். ரெண்டு கார்டும் ஒரே தபால்ல வந்துச்சு. அம்மா வாசல்லயே ரெண்டையும் வாசிச்சாக. உங்களத சாமிக்கு முன்னால வச்சாக. மாப்பிள்ளை வீட்டுக் கார்டை அடுப்புல வச்சுட்டாக."