பனி படிந்த முகம்

மகள் தன் முதல் டிஎஸ்எல்ஆர் கேமராவைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது, ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் ஒன்று கீழே விழுந்தது. அதைக் குப்பையில் போட்டாள்.

“எல்லாத்தையும் படிச்சுப் பார்த்துத்தான் இந்த பிராண்டு வாங்கினேன்ப்பா. இதுக்கு ஒண்ணும் ஆகாது லா.”

என் அப்பாவும் இப்படித்தான் சொல்வார்.

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் ஒரே கேமராதான். வேலையை விட்டுப் போன துரையிடம் அப்பா வாங்கியது. “துரைமாருங்க வச்சிருந்த பிராண்டு, கெட்டே போகாது” என்பார். நகையைப் போல அம்மாவின் பட்டுச்சேலையில் சுற்றி டிரங்குப் பெட்டியில் பூட்டிவைப்பார். திறந்தால் ஈரச்சாக்கு வாசம் வரும்.

ஒரு தீபாவளிக்கு அம்மாவைத் தேயிலைச் சரிவில் நிறுத்திப் படம் எடுத்தார். கம்போங் ராஜா டவுன் ஸ்டுடியோவில் கழுவி வந்த படத்தில் அம்மாவின் முகம் வெளுத்து மங்கியிருந்தது. அப்பா கேமராவைச் சந்தேகப்படவே இல்லை.

“அன்னிக்குப் பனி. அடுத்த வருசம் வெயில்ல எடுப்போம்.”

அடுத்த தீபாவளிக்கு அம்மா இல்லை. மாலை போட அந்தப் படம்தான் இருந்தது. போடும்போதெல்லாம் அப்பா அந்த முகத்தைச் சட்டை நுனியால் துடைப்பார். லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்திருந்ததை அவர் போன பிறகுதான் பார்த்தேன்.

மகள் கேமராவைத் தன் சால்வையில் பத்திரமாகச் சுற்றி அலமாரியில் வைத்தாள். குப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். கட்டைவிரல் அளவுகூட இல்லை. ஜன்னலுக்கு வெளியே மலை முழுக்கப் பனி.