மேலே ஓட்டையில்லாத பெட்டி

நடுவிரல் முட்டியால் ஒரு தட்டு. இரண்டு அங்குலம் தள்ளி இன்னொரு தட்டு. பிறகு தகரத்தின் விளிம்பில் கட்டைவிரல் நகத்தை ஓட்டிக்கொண்டே மூலைவரை போய், அங்கே நின்று, "டப்பா" என்றார் சவுரிமுத்து. கடைக்காரர் தௌசிப் அந்தப் பெட்டியை எடுத்து ஓரமாக வைத்தார். அன்று காலையில் தள்ளுபடியானதில் அது நான்காவது.

"இன்னாண்ணா, எல்லாரும் வாங்கிக்கினு போற மாடலு இது."

"வாங்கிக்கினு போறவனுக்குக் காது இல்லியா தௌசிப்பு? தகடு பேப்பர் மாதிரி கீது. உள்ள ஹார்டுடிஸ்க் சுத்துச்சுனா மேளம் அடிக்கும்."

கம்ப்யூட்டரின் உறுப்புகளை அடக்கிவைக்கும் இரும்புப் பெட்டிக்குக் கடைத்தெருவில் கேபினெட் என்று பெயர். கண்ணுள்ளவர்கள் அதை நிறம் பார்த்து வாங்குகிறார்கள். சவுரிமுத்து தட்டிப் பார்த்து வாங்குகிறார். பிறவியிலேயே அவருக்குப் பார்வை இல்லை. இதை ஒரு தகவலாகச் சொல்கிறேன், யாரும் உச்சுக்கொட்டுவதற்காக அல்ல. உச்சுக்கொட்டும் சத்தம் அவருக்கு அறவே பிடிக்காது. தாம்பரம் ரயில்வே நடைமேம்பாலத்தில் ஒரு பெண்மணி அவர் கையில் ஒரு ரூபாயைத் திணித்துவிட்டு நகர்ந்தபோது, செருப்புச் சத்தத்தை வைத்தே பின்தொடர்ந்து போய், "ம்மா, உங்க காசு கீழ வுழுந்திடுச்சு" என்று திருப்பிக் கொடுத்தவர்.

வயது நாற்பத்தாறு. பிறந்தது கோவிலம்பாக்கம். பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். நூற்று நாற்பது எக்ஸ்டென்ஷன் எண்களும் அவற்றுக்குரிய நூற்று நாற்பது மனிதர்களின் இருமலும் அவருக்கு மனப்பாடம். 'ஆண்டவன் கண்ணை எடுத்துக்கொண்டு காதைக் கொடுத்தான்' என்று யாராவது ஆரம்பித்தால், "ஆண்டவன் ஒண்ணும் குடுக்கல சார், நாப்பது வருசம் ப்ராக்டிஸ்" என்பார். சின்ன வயதில் அவரை மூன்று முறை, ஜெபத்தால் நோய் தீர்ப்பதாகச் சொல்லும் சுகமளிக்கும் கூட்டங்களுக்கு அழைத்துப்போய் மேடையில் ஏற்றினார்கள். மூன்றாவது மேடையில் என்ன நடந்தது என்பதை அவர் வாயால் கேட்க வேண்டும். "ஊழியக்காரரு தலையில கை வெச்சாரு. எனக்கு மைக்ல 'ங்ங்ங்'ன்னு ஒரே இரைச்சல். எர்த் சரியில்ல பிரதர்னேன். உடனே எறக்கி வுட்டுட்டாங்க."

பீர்க்கன்கரணை ஏரிக்கரையை ஒட்டி, ஓர் அறையும் சமையற்கட்டும் கொண்ட வாடகை வீட்டில் மனைவி ஏஞ்சலுடன் இருக்கிறார். அந்த ஓர் அறையில்தான் அவருடைய சர்வர் இருக்கிறது. சர்வர் என்றால் ஓட்டலில் இட்லி பரிமாறுபவர் என்று நினைத்த காலத்து ஆள் நான். இது இராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கம்ப்யூட்டர். அதற்குள் இருப்பவை புத்தகங்கள், அச்சாக அல்ல, குரலாக. ஞாயிறுதோறும் ஆறு பேர் முறைவைத்துப் போய்ப் பாடநூல்களை உரக்கப் படிக்கிறோம். சவுரிமுத்து பதிவு செய்கிறார். பார்வையற்ற கல்லூரி மாணவர்கள் பதினொரு பேர் தங்கள் விடுதிகளிலிருந்து இன்டர்நெட் வழியாக அதை எடுத்துக் கேட்கிறார்கள்.

ஏன் இந்தப் பாடு? அந்தப் பாடநூல்களை அச்சடித்த பல்கலைக்கழகத்திடம் அவை ஏற்கெனவே கம்ப்யூட்டர் கோப்புகளாக இருக்கின்றன. ஒரு சி.டி.யில் பதிந்து கொடுத்தால் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சவுரிமுத்து நான்கு கடிதம் எழுதினார். 'விதிகளில் இடமில்லை' என்று ஒரே ஒரு பதில் வந்தது. பார்வையில்லாதவருக்கு அச்சடித்த கடிதம்! ஏஞ்சல் படித்துக் காட்டினார். கட்டணத்தை முழுதாக வாங்கிக்கொண்டு புத்தகத்தை மட்டும் கொடுக்க மறுப்பதற்கு நம் ஊரில் நிர்வாகம் என்று பெயர். வேறு எந்தக் கடையிலாவது இதைச் செய்தால் போலீஸ் வரும்.

பதினொரு பேரில் ஒருவர் ஞானஜோதி. பெண்கள் விடுதி ஒன்றில் தங்கித் தபால் வழியில் எம்.ஏ. வரலாறு படிக்கிறார். டிசம்பர் பத்தாம் தேதி அவருக்குப் பரீட்சை. தேறினால், பள்ளிக்கூட வேலை ஒன்று அவருக்காகக் காத்திருக்கிறது. தேறாவிட்டால் திருச்செந்தூர்ப் பக்கம் அண்ணன் வீட்டுக்குத் திரும்பிப் போய் மூலையில் உட்கார வேண்டும் என்பது வீட்டார் விதித்த கெடு. நாங்கள் கேபினெட் தேடிக்கொண்டிருந்தது நவம்பர் பதினாறு. இன்னும் இரண்டு புத்தகங்கள் பாக்கி.

பழைய சர்வர் ஓர் ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு பூதம். அதன் விசிறிச் சத்தம் ஒவ்வொரு பதிவிலும் ஏறிவிடும். இருப்பது ஒரே அறை, பதிவு ஏறுவதும் அதே பெட்டியில், ஆகவே நிறுத்திவைக்கவும் வழியில்லை. ஞானஜோதி போனில் சொன்னார்: "அங்கிள், தப்பா நெனைக்காதீங்க. பாடம் நடத்துறது சாரா, ஃபேனான்னு தெரியல. ஒரு மணி நேரத்துக்கு மேல கேட்டா தலை விண்ணு விண்ணுங்குது."

அந்த ஒரு வாக்கியம் சவுரிமுத்துவைக் கிளப்பிவிட்டது. அந்த ஆண்டுதான் உள்ளங்கையைவிடக் கொஞ்சமே பெரிதான மதர்போர்டுகள், அதாவது கம்ப்யூட்டரின் மூளை பொருத்திய பலகைகள், கடைக்கு வந்திருந்தன. ஒன்றை வாங்கி, செருப்புப் பெட்டியளவு கேபினெட் ஒன்றில் பொருத்தினார். இரைச்சல் பாதியாகக் குறைந்தது; ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. அப்புறம்தான் மாவு பொங்கியது.

ஐப்பசி மழையில் இட்லி மாவு எங்கே புளிக்கிறது? வீட்டில் எப்போதும் இளஞ்சூடாக இருந்த ஒரே இடம் அந்தப் பெட்டியின் தலை. ஏஞ்சல் இரவில் மாவுச் சட்டியை அதன்மேல் வைத்துவிட்டுக் காலையில் முதல் வேலையாக எடுத்துவிடுவார். ஒரு வாரம் இட்லி பஞ்சாக வந்தது. எட்டாம் நாள் சட்டி கொஞ்சம் கூடுதலாக நிறைந்துவிட்டது. பெட்டியின் தலையில் காற்றுப் போக வரிசையாக ஓட்டைகள். விடிந்தபோது மதர்போர்டு மாவில் ஊறிக் கிடந்தது. ஹார்டுடிஸ்க் அடித்தட்டில் ஓரமாக இருந்ததால் பதிவுகள் பிழைத்தன.

"ஒரு வாரமா இட்லி சூப்பரு, இட்லி சூப்பருன்னீங்களே, எதனாலன்னு ஒரு நாளு கேட்டீங்களா?" என்று ஏஞ்சல் கேட்டார். பிறகு அழுதார். அந்தப் பெண்ணின் பரீட்சையையே தான் கெடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, பிறகு அவர் மாவே அரைக்கவில்லை. வீட்டில் பதினாறு நாள் உப்புமா.

எந்தக் கணவனும் குதித்திருப்பான். சவுரிமுத்து குதித்தது வேறு பக்கம். "மேல ஓட்ட போட்டான் பாரு, அவன் மழக்காலத்துல தமிழ்நாட்டுக்கு வந்ததே இல்ல சார். நம்மூர்ல டிவி மேல பொம்ம வெப்பாங்க, ஃப்ரிஜ்ஜு மேல பூச்சாடி வெப்பாங்க. தட்டையா ஒண்ணு இருந்தா அது மேல எதனா வெப்பாங்க. அது கூடத் தெரியாம இன்னா டிசைனு?" எனக்குத் தெரிந்த எத்தனையோ முற்போக்காளர்களுக்கு வீட்டுக்குள் வராத நியாயம் இது.

மறுபடி பழைய பூதத்தை ஓட்டிக்கொண்டே புது கேபினெட்டுக்கு அலைந்தோம். குரோம்பேட்டையில் ஒரு கடையில் விற்பனையாளர் என்னைப் பார்த்து, "அவருக்கு இன்னா கலர் வேணும் சார்?" என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. சவுரிமுத்து சிரித்தார். "அவரக் கேக்காத தம்பி. ஸ்க்ரூடிரைவர எந்தப் பக்கம் புடிக்கணும்னு கூட அவருக்குத் தெரியாது. துணைக்கு இட்டாந்துகிறேன், அவ்ளோதான்."

மேற்குத் தாம்பரத்தில் தௌசிப் கடை வேறு ரகம். தௌசிப் நேராக அவரிடம் பேசுவார், நேராக அவரிடம் சண்டையும் போடுவார். அன்று தள்ளுபடியான நான்குக்குப் பிறகு, ஐந்தாவது பெட்டியின் தகடு தேறியது. ஆனால் உள்ளே மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் தீப்பெட்டியளவு விசிறி. சவுரிமுத்து அதை விரலால் சுண்டிவிட்டுக் காதருகே வைத்தார்.

"கொசு."

ஆறாவது பெட்டியை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்க வேண்டும் என்றார். கடையின் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். ரேடியோவை நிறுத்தச் சொன்னார். ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார். ஒரு மின்சார ரயில் போகும்வரை காத்திருந்தார். அது போனதும் தலைக்கு மேலே ஒரு விமானம். அதுவும் போனது. கடையிலிருந்த நாங்கள் ஐந்தாறு பேரும் அசையாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஷட்டருக்கு அடியில் ஒரு தலை நுழைந்து, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "யாருபா பூட்டாங்க?" என்று துக்கம் விசாரிப்பதுபோல் மெதுவாகக் கேட்டது.

"எஸ்.எம்.பி.எஸ்." என்றார் சவுரிமுத்து. கடையே வெடித்துச் சிரித்தது. ஆறாவதும் ஓரமாகப் போனது.

பிறகு தௌசிப் தலையைச் சொறிந்துகொண்டு ஏணியில் ஏறினார். "ஒண்ணு கீதுண்ணா. ரெண்டு வருசமா பரண்லயே கெடக்கு. ப்ளூ லைட் இல்ல, கண்ணாடி இல்ல, ஒருத்தனும் சீந்தல." தூசி தட்டி இறக்கி வைத்தார். கறுப்பாக, தடித்து, ஒரு பெரிய அகராதியைப் படுக்க வைத்ததுபோல் இருந்தது.

நடுவிரல் முட்டி இறங்கியது. தகரச் சத்தம் எழவில்லை. கல்லைத் தட்டினாற்போல் மந்தமாக ஒரு 'தொக்'. சவுரிமுத்துவின் புருவங்கள் மேலேறின. இரண்டு உள்ளங்கைகளும் பெட்டியை வளைத்துக்கொண்டன. பக்கவாட்டில் காற்று வழிகள். இடது பக்கம், வலது பக்கம். மேலே? மேலே கை போய்ப் போய் வந்தது. வழவழவென்று ஒரே தகடு.

"எஸ்.எம்.பி.எஸ். எங்கடா?"

"உள்ள இல்லண்ணா. லேப்டாப் மாதிரி அடாப்டரு, வெளியவே நிக்கும். உள்ள ஒரே ஒரு ஃபேன், பெருசு, மெதுவா சுத்தும்."

சவுரிமுத்து அதைச் சுண்டிவிட்டார். காதை வைத்தார். மறுபடி சுண்டினார். குழந்தை முகம் ஆகிவிட்டது அவருக்கு. "தௌசிப்பு! மச்சான்! இத்த ரெண்டு வருசமா மேல வெச்சிக்கினு என்னை டப்பாவா தட்ட வுட்டியே!" என்று அவர் தோளில் ஓர் அறை விட்டார். பிறகு தோள்பையைத் துழாவி, விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்துக் கேபினெட்டின் தலைமேல் வைத்தார். சுற்றிலும் விரலை ஓட்டினார். தட்டு எந்தப் பக்கமும் வெளியே நீளவில்லை.

"இன்னாண்ணா, சாப்பாட்டுக் கடையா?" என்றார் தௌசிப்.

"அளவு பாக்கறேன். புது மதர்போர்டு ஒண்ணும் சேத்து பில்ல போடு."

பிற்பகலுக்குள் வீட்டில் பெட்டி தயார். ஹார்டுடிஸ்க்கின் அதிர்வு தகட்டில் ஏறாமலிருக்கப் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி நான்கு மூலையிலும் கொடுத்தார். ஒவ்வொரு திருகாணியும் வாயின் ஓரத்திலிருந்து கைக்கு வந்தது. பழைய பூதத்தை நிறுத்தியபோது அறையே சுமையை இறக்கி வைத்தாற்போல் ஆயிற்று. முதன்முறையாக அந்த வீட்டில் ஏரித் தவளைகளைக் கேட்டேன்.

ஏஞ்சல் சமையற்கட்டு வாசலிலேயே நின்றார், பெட்டிப் பக்கம் வரவில்லை. "இன்னும் ஆன் பண்ணலியாங்க?"

"பத்து நிமிசமா ஓடிக்கினு கீது."

ஐரோப்பிய வரலாற்றில் இரண்டு பக்கம் படித்தேன். பிரெஞ்சு விவசாயி கட்டிய வரிகளைப் பற்றிய பகுதி. சவுரிமுத்து அதை ஏற்றிவிட்டு ஞானஜோதியைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரைப் போட்டார். ஐந்து நிமிடம் அந்தப் பெண் பதிவைக் கேட்டார். ஏஞ்சல் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அங்கிள்!" குரல் கீச்சிட்டது. "ஃபேன் எங்க போச்சு? சார் பக்கத்தைத் திருப்புறது கேக்குது. எச்சி முழுங்குறது கூடக் கேக்குது! இப்படி இருந்தா நான் நாள் பூரா கேப்பேன். மிச்சத்தையும் போடுங்க அங்கிள், இருபத்துநாலு நாள் இருக்கு, முடிச்சிடுவேன். ஏஞ்சல் ஆன்ட்டி இருக்காங்களா? அவங்க கிட்ட சொல்லுங்க, இட்லி சாப்பிட வரேன்னு."

ஏஞ்சல் மூக்கை உறிஞ்சினார். "காலைல மனசு கேக்காம அரைச்சிட்டேன், அப்படியே கீது" என்று முணுமுணுத்தார்.

சவுரிமுத்து எழுந்தார். தோள்பையிலிருந்து அந்த விளிம்புத் தட்டை எடுத்துப் பெட்டியின் தலையில் நடுவாக வைத்தார். சமையற்கட்டுக்குப் போய் மாவுச் சட்டியைத் தூக்கிவந்தார். "வேணாங்க, வேணாங்க" என்று பின்னாலேயே வந்த ஏஞ்சலின் குரலைக் காதில் போட்டுக்கொள்ளாமல், சட்டியைத் தட்டில் இறக்கி, மூடியைச் சரிசெய்தார். ஒரு கையை ஏஞ்சலின் மணிக்கட்டில் வைத்து அவர் உள்ளங்கையை பெட்டியின் இளஞ்சூடான பக்கத் தகட்டில் பதியச் செய்தார். மறு கையின் ஆட்காட்டி விரலை, படி என்று, என் பக்கம் உயர்த்தினார்.