டூகல்டின் மூக்கு

டூகல்டு மக்ஃபைல் பதினாறு வயதில் எங்கள் ஐலா தீவு விஸ்கி ஆலையில் சேர்ந்தார். முதலில் பார்லியை மரத் துடுப்பால் புரட்டிப் போடுவது. பிறகு சூளையில் கரிமண் கட்டிகளை எரித்து அந்தப் பார்லிக்குப் புகை ஊட்டுவது. நாற்பதுக்கு மேல் பீப்பாய்க் கிடங்கில் மூக்கு வேலை. எந்தப் பீப்பாய் பக்குவமாகிவிட்டது, எது இன்னும் கிடக்க வேண்டும் என்று முகர்ந்தே சொல்ல வேண்டும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து தூங்குவார். தங்கமான மனிதர் என்று ஊர் சொல்லும். அவர் பக்கத்தில் ஏழு வருஷம் நின்று முகர்ந்த நான் அவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட மாட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் பக்கத்து ஆலையை மூடினார்கள். எங்கள் கிடங்கில் மட்டும் இரண்டு மூக்கு எதற்கு என்று மேலிடம் கேட்பதாகத் துறைமுகக் கடையில் பேச்சு. அப்போதுதான் டூகல்டைக் கவனிக்க ஆரம்பித்தேன். முன்பெல்லாம் என்னை வாய் திறக்கவிடாத ஆள், இப்போது கிளாஸை நீட்டி, "நீ முதல்ல சொல்லு, எஃபி" என்கிறார். நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, மேனேஜரிடம் தானே கண்டுபிடித்த மாதிரி ஒப்பிக்கிறார். எனக்குக் குழி பறிக்கிறாரா?

சும்மா விடுவேனா? என் அக்கா புருஷன் ஸ்பே ஆற்றுப் பக்கத்துக்காரன். அவர்கள் விஸ்கியில் ஆப்பிளும் தேனும் மணக்கும், புகை துளியும் இருக்காது. குழந்தைக்கு ஊற்றும் மருந்து என்று நாங்கள் கேலி செய்வோம். புத்தாண்டுக்கு அவன் கொண்டுவந்த பாட்டிலிலிருந்து கொஞ்சம் எடுத்துவந்து, எங்கள் பீப்பாய்ச் சரக்குக்குப் பதிலாக டூகல்டின் கிளாஸில் ஊற்றிவைத்தேன்.

"புகை தூக்கலா இருக்கு இல்ல?" என்றேன்.

அவர் நிதானமாக முகர்ந்தார். "ஆமா. நல்ல புகை. லேசா தார் வாசனைகூட வருது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு எந்த வாசனையும் தெரியவில்லை.

நான் கேட்பதற்குள் மேனேஜர் கின்லாக் உள்ளே வந்து அதே கிளாஸை எடுத்தார். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனதுமே முகம் மாறியது.

"எந்த ஊர் சரக்கு இது? யார் பாத்த வேலை?"

"நான்தான். டூகல்டைச் சோதிச்சுப் பாக்கலாம்னு..."

"என்ன சொன்னாரு?"

டூகல்டு என்னைப் பார்த்தார். அறுபத்தொரு வயது ஆளுக்கு இந்தத் தீவில் வேறு வேலை யார் கொடுப்பார்கள்?

"கீழ கொட்டுன்னு சொன்னாரு" என்றேன்.

"பொய் சொல்றா" என்றார் டூகல்டு. "நல்ல புகைன்னு சொன்னேன். போன மார்ச்சுல வந்த காய்ச்சலோட எனக்கு மூக்கு போயிடுச்சு."

மேனேஜர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ மார்ச்லேருந்து நீங்க தேறிச்சுன்னு அனுப்பின பீப்பா? ஒண்ணுகூடத் திரும்பி வரலையே."

"அதெல்லாம் இவ மூக்கு." டூகல்டு கோட்டை மாட்டிக்கொண்டார். "ரெண்டுல ஒண்ணு போதும்னா இவளை வெச்சுக்குங்க."

எனக்குக் குழி பறிக்கிறார் என்று நான் நினைத்த மனிதர் சொன்னது அது. வெட்கத்தில் என்னால் அவரைத் தடுக்கக்கூட முடியவில்லை.