பட்டியலில் அடுக்களை இல்லை

பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அடிப்பக்கத்து ஒட்டுநாடாவைத்தான் முதலில் கிழிக்கிறார். கூரியரில் எது வந்தாலும் இப்படித்தான். மேல்பக்கம் பார்க்கிறவனுக்காக ஒட்டப்பட்டது. "அடியில பிரிச்சாத்தான் உள்ள இருக்கறது முழிக்கும்" என்கிறார். உள்ளே பத்து சுவிட்சுகளும் ஒரு பொட்டலம் திருகாணிகளும் இருக்கின்றன. திருகாணிகளைத் தரையில் கொட்டி எண்ணுகிறார். பொட்டலத்தில் இருபது என்று அச்சிட்டிருக்கிறது. தரையிலும் இருபது இருக்கிறது. முகம் தெளியவில்லை. மறுபடி எண்ணுகிறார்.

வீரராகவனுக்கு எழுபத்துமூன்று வயது. முப்பத்துமூன்று வருடம் கிடர்பூர் துறைமுகத்தில் சுங்க அதிகாரி. கப்பலில் ஏறி, ஒளித்து வைத்ததைத் தேடி எடுக்கும் வேலை. இப்போது பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பின்னால், லிஃப்ட் இல்லாத அறுபது வயதுக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், தன் வீட்டைத் தானே புதுப்பித்துக்கொண்டிருக்கிறார். மிஸ்திரி யாரையும் உள்ளே விடுவதில்லை. நான் இரண்டாம் மாடியில் இருக்கிறேன். என் ஏணி ஐந்து மாதமாக அவர் வீட்டில் இருக்கிறது. ஏணியைப் பிடித்துக்கொள்ள அவ்வப்போது நானும் போகிறேன்.

சுவர், கதவு, ஓடு எதுவானாலும் வலது நடுவிரல் முட்டியால் இரண்டு தரம் தட்டுவார். தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். கீழே லோக்கல் ரயில் போனால், போகிற வரை காத்திருந்து முதலிலிருந்து தட்டுவார். ரயில் சத்தத்தில் கேட்டது செல்லாது. புது பெயின்ட் டப்பாவைத் திறந்ததும் ஒரு குச்சியை விட்டு ஆழம் பார்ப்பார். வெளியே தெரிகிற உயரமும் குச்சியில் நனைந்த உயரமும் ஒத்துப்போக வேண்டும். ஐந்து மாதத்தில் ஒரு டப்பாகூட அவரை ஏமாற்றவில்லை. அதனால் அடுத்த டப்பாவின் மேல் சந்தேகம் கூடியிருக்கிறது.

துறைமுகத்து வார்த்தைகளில் இரண்டு அவர் வீட்டில் இன்னும் புழங்குகின்றன. ஒளித்து வைத்தால் கன்சீல்மென்ட். தானாக வந்து சொல்லிவிட்டால் டிக்ளேர். "சாமான் கொண்டு வரதுல தப்பே இல்லை சார். டிக்ளேர் பண்ணாததுதான் தப்பு." போன தீபாவளிக்கு அவருடைய சர்க்கரை வியாதிக்குப் பயந்து மனைவி வசுமதி மைசூர்பாகை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருந்தார். மூன்றாம் நாள் குச்சி அதைக் கண்டுபிடித்தது. "டிக்ளேர் பண்ணியிருந்தா ஒண்ணோட விட்டிருப்பேன்" என்று சொல்லிக்கொண்டே நான்கு தின்றார்.

வேலையைக் குறை சொல்ல முடியாது. ஹாலில் கறுப்புக் குமிழ் சுவிட்சுகளை மாற்றிய அன்று மெயினை அணைத்து, அதன் மேல் துணியைக் கட்டி, 'தொடாதே' என்று மூன்று பாஷையில் எழுதித் தொங்கவிட்டார். வீட்டில் இருந்தது வசுமதி மட்டும். பச்சைப் பலகை ஜன்னல்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒவ்வொரு சட்டத்துக்கும் இரண்டு பக்கமும் பெயின்ட் அடித்தார். தெருப்பக்கம் திரும்பி, வீட்டுக்குள் இருக்கிறவனுக்குத் தெரியாத பக்கத்துக்கும் இரண்டு கோட்டிங். குளியலறை ஓடுகளுக்கு நடுவே கறுத்திருந்த கோடுகளைப் பேனா மாதிரி ஒன்றால் வெள்ளையாக எழுதி முடிக்கப் பதினோரு நாள் ஆயிற்று. சிவப்பு சிமென்ட் தரையின் மேல் மரம் மாதிரி அச்சடித்த விரிப்பு போடலாம் என்று மகன் சொன்னபோது மட்டும் மறுத்துவிட்டார். தரையை மூடுகிறவனை அவர் எங்கும் நம்பியதில்லை.

என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல் பெங்களூரிலிருந்து மகன் வருண் அனுப்பியது. எல்லாம் நீங்களே பண்ணலாம், செலவே கிடையாது, வீடியோ அனுப்புகிறேன் என்று ஃபோனில் சொன்னான். வசுமதி அதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினார். மூன்றாவது வாரம் வீரராகவன் என்னை அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"படியுங்கோ."

வாசல் கதவு, ஹால் சுவிட்ச், ஹால் ஜன்னல், பாத்ரூம், பெட்ரூம் மேற்குச் சுவர் என்று படித்தேன்.

"இது குடியிருக்கறவா போடற லிஸ்டா? உள்ள வரவன் நடக்கற வழி சார் இது. அடுக்களைக் குழாய் ரெண்டு வருஷமாச் சொட்டறது. அடுக்களையே லிஸ்ட்ல இல்லை. ஏன்?"

தெரியவில்லை என்றேன்.

"வீட்டை வாங்கறவன் முதல்ல இடிக்கறது அடுக்களையைத்தான். அதுல எதுக்குக் கையை வைக்கணும்?"

சாட்சியங்கள் அதன் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஒரு வேலை முடிந்ததும் வசுமதி ஃபோனில் படம் எடுப்பார். "சித்த நகருங்கோ" என்பார். ஐந்து மாதப் படங்களில் ஒன்றில்கூட வீரராகவன் இல்லை. தரைத்தளத்து வங்காளி அம்மாள் அவர் சட்டையில் பெயின்டைப் பார்த்து, "மேஷோமொஷாய், கார் பியே?" என்று கேட்டார். மாமா, யாருக்குக் கல்யாணம் என்று அர்த்தம். அந்தச் சந்தில் பழைய வீட்டுக்கு வர்ணம் அடிப்பது கல்யாணத்துக்கு, இல்லையென்றால் விற்பதற்கு. வருணுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம் ஆகிறது. வீரராகவன் படியேறினார்.

வீடு வசுமதியின் பெயரில் இருக்கிறது. அவருடைய அப்பா வாங்கிக் கொடுத்தது. விற்க வீரராகவனின் கையெழுத்து வேண்டாம்.

பெங்களூருக்கு அவர் போகாமல் இல்லை. மகனின் ஃபிளாட் பதினான்காம் மாடியில். போன அன்று மாலையே எல்லா அறைகளிலும் இரண்டிரண்டு தரம் தட்டினார். "எங்க தட்டினாலும் பொள்ளுங்கறது சார். சுவரே இல்லை, அட்டை. அந்தண்டை இருக்கறவன் இருமினா நம்ம வீட்ல இருமறாப்பல இருக்கு." இருபது நாளுக்குப் போனவர் பதினோராம் நாள் திரும்பிவிட்டார்.

மனைவியிடம் கேட்டுவிடலாமே என்றேன் ஒரு நாள். ஏணியின் மேல் இருந்தார். கீழே பார்க்காமல் சொன்னார்: "கேட்டா பொய் வரும். கேக்காம பக்கத்துலயே நின்னுண்டிருந்தா சரக்கு தானா வெளில வரும்." அதனால் பக்கத்திலேயே நின்றார். சொன்ன வேலையைச் சொன்னதைவிட நன்றாகச் செய்தார். தான் வெளியேறப் போகும் வீட்டைத் தன் கையாலேயே அழகுபடுத்திக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு கோடுகூடக் கோணவில்லை.

வசுமதிக்கு மூட்டு வலி. அறுபத்தெட்டு வயது. காய்கறியைக் கயிற்றில் பை கட்டி இறக்கி வாங்குகிறார். டாக்டரிடம் போகிற நாளில் மட்டும் இறங்குவார். திரும்பும்போது எங்கள் மாடியில் ஸ்டூல் போட்டுக் கொடுப்போம். போன மாதம் அதில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "அம்பத்துநாலு படி. ஒவ்வொண்ணையும் அவர் தட்டிப் பாத்திருக்கார். என் முட்டியை ஒரு தரம் தட்டிப் பாத்தாரான்னு கேளுங்கோ."



பட்டியலில் கடைசி மேற்குச் சுவர். சுவரில் உப்புப் பூத்துக் காரை உதிர்வதை இந்த ஊரில் நோனா என்பார்கள். வசுமதி அதை ஆள் மாதிரி பேசுவார். "நோனா வந்துட்டா. பீரோவை நகத்துங்கோ." ஒவ்வொரு மழைக்காலமும் வருவாள். பட்டி பார்த்துப் பிரைமர் அடித்தாலும் தீபாவளிக்குள் உள்ளிருந்து தள்ளிவிடுவாள். செங்கல் வரை சுரண்டி, ஆற விட்டு, மறுபடி பூச வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், மாதங்கள் வேண்டும். வருண் அதற்குப் பதிலாக ஒட்டுகிற பலகைகள் அனுப்பியிருந்தான். பஞ்சு மாதிரி அமுங்கும். மேலே வெள்ளைச் செங்கல் மாதிரி வடிவம்.

வீரராகவன் ஒன்றைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"உள்ள நிஜச் செங்கல். மேல பொம்மைச் செங்கல். நடுவுல நோனா. இது கன்சீல்மென்ட் கேஸ் சார்."

"ஒட்டப் போறேளா, இல்லை எஃப்.ஐ.ஆர். போடப் போறேளா?" என்றார் வசுமதி உள்ளிருந்து.

ஒட்டினார். இரண்டு நாள் ஆயிற்று. பலகையின் செங்கற்கோடு அடுத்த பலகையின் செங்கற்கோட்டோடு போய்ச் சேர்ந்தது. சேர்ந்த இடம் தெரியவில்லை. முடித்துவிட்டுச் சுவரைத் தட்டினார். சத்தமே வரவில்லை. மறுபடி தட்டாமல் கையை இறக்கிக்கொண்டார்.

அன்று சனிக்கிழமை. சாயங்காலம் ஹாலில் கடைசி விளக்கை மாட்டினோம். வசுமதி ஓரத்து நாற்காலியில் மருந்தெண்ணெயை முட்டியில் தேய்த்துக்கொண்டிருந்தார். வீரராகவன் ஏணியிலிருந்து இறங்கினார். கையைத் துடைத்தார். துறைமுகத்தில் பயணிகளிடம் கேட்டிருக்கக்கூடிய குரலில் கேட்டார்.

"வசு, டிக்ளேர் பண்ண ஏதாவது இருக்கா?"

வசுமதியின் கை முட்டியில் நின்றது.

"காப்பிப் பொடி தீந்துடுத்து. கார்த்தால வாங்கிண்டு வரணும்."

"வேற?"

"வேற என்ன? நாளைக்கு வருணோட சிநேகிதன் ராம்கி வரான். ஆத்துக்காரியையும் அழைச்சுண்டு. சும்மா பாத்துட்டுப் போக."

"யாரைப் பாக்க?"

வசுமதி எண்ணெய்ப் புட்டியை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை. மறுபடி திறந்து மூடினார். பிறகு நாற்காலியின் கையை ஊன்றி எழுந்து உள்ளே போனார்.

வீரராகவன் என்னைப் பார்த்தார். "ஏணி இருக்கட்டும், நாளைக்கு வந்து எடுத்துக்கோங்கோ" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எட்டு மணிக்கு வீரராகவன் லேக் மார்க்கெட் போய்க் காப்பிப் பொடி வாங்கி வந்தார். ஏணியை எடுக்க நான் பதினொன்றரைக்குப் போனேன். அவர்கள் வந்திருந்தார்கள். ராம்கிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். இங்கேயே பிறந்து வளர்ந்தவன். மனைவி ப்ரியா வங்கியில் வேலை. மாற்றலாகி வந்தவள். எனக்கும் காப்பி கொடுத்து உட்கார வைத்தார்கள்.

ஹாலைப் பார்த்தார்கள். குளியலறையைப் பார்த்தார்கள். ப்ரியா ஜன்னலைத் திறந்து மூடினாள். ராம்கி, "அங்க்கிள், கூப் ஷுந்தொர், ரொம்ப அழகா இருக்கு. எல்லாம் நீங்களேவா?" என்றான். வீரராகவன் ஆமாம் என்றார். படுக்கை அறைக்குப் போனார்கள். மேற்குச் சுவரில் ராம்கி கையை வைத்துத் தடவினான்.

"ஜாயின்ட்டே தெரியலை அங்க்கிள்."

வீரராகவன் ஹாலுக்கு வந்து பட்டி பிளேடை எடுத்துக்கொண்டு போனார். பலகையின் ஓரத்தில் பிளேடை விட்டு நெம்பினார். ஒரு பலகை முழுதாக வந்தது. பின்னாலேயே காரையும் வந்தது. வெள்ளையாகச் சிவப்புத் தரையில் கொட்டியது. வசுமதி பக்கத்திலிருந்த கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். வீரராகவன் மூன்று கட்டை டார்ச்சை எரியவிட்டு, சுவரிலிருந்த ஓட்டையைக் காட்டி ராம்கியின் கையில் கொடுத்தார்.

"பாத்துக்கோங்கோ. டிக்ளேர் பண்ணிட்டேன்."

ராம்கி குனிந்து பார்த்தான். டார்ச்சைத் திருப்பிக் கொடுத்தான். "நோனாதானே அங்க்கிள். பழைய வீடுன்னா இருக்கும். எங்களுக்கு இடம் போதும். நாங்க எப்படியும் எல்லாத்தையும் உடைச்சுதான் பண்ணப்போறோம்."

ப்ரியா அவன் முழங்கையைத் தொட்டாள். அவன் நிறுத்திக்கொண்டான். கீழே ஒரு லோக்கல் போயிற்று. 

பன்னிரண்டேகால் மணிக்கு அவர்கள் கிளம்பினார்கள். வசுமதி வாசல் வரை போய்ப் ப்ரியாவுக்குக் குங்குமம் கொடுத்தார். வீரராகவன் தரையைப் பெருக்கினார். நான் ஏணியை மறந்துவிட்டு இறங்கிவிட்டேன்.

மூன்று மணிக்கு மறுபடி போனேன். வாசல் கதவு திறந்திருந்தது. ஏணி ஹாலில் இருந்தது. வீரராகவன் அடுக்களையில் தண்ணீரை நிறுத்தி, குழாயைக் கழற்றி மேடையில் வைத்திருந்தார். பழைய வாஷரை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுப் புது வாஷரை வைத்து முடுக்கினார். வசுமதி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இப்ப எதுக்கு அது? அவாதான் எல்லாத்தையும் உடைக்கப் போறாளே."

வீரராகவன் தண்ணீரைத் திறந்துவிட்டார். குழாயைத் திறந்து மூடினார். குனிந்து, டார்ச்சைக் குழாயின் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, சொட்டு விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.