பாக்குக் களத்தில் காய்ந்த டிரம்பெட்

மேட்டுப்பாளையத்தில் எங்கள் வீட்டை ஒட்டி ரசாக் மாமாவின் பாக்குக் களம். பாக்கை வேகவைத்து, காயப்போட்டு, மூட்டை கட்டி அனுப்புவது அவர் தொழில். லத்தீன் ஜாஸ் இசைத்தட்டு சேர்ப்பது அவருடைய பைத்தியம். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: கியூபா பக்கத்து மேளமும் அமெரிக்க ஜாஸும் கலந்த இசை அது. அந்தத் தட்டுகள் எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்காது. குன்னூர், கோத்தகிரி எஸ்டேட் பங்களாக்களைக் காலி செய்யும்போது பழைய சாமான்களோடு மலையிறங்கி வரும். மாமா பாட்டைப் போட்டால் களத்தில் பாக்குக் கிளறும் பெண்களின் நடையே மாறிவிடும்.

கோயமுத்தூர் உக்கடத்தில் கடிகாரக் கடை வைத்திருந்த யாகூப் பாய்க்கும் இதே பைத்தியம். அவரிடம் ஹவானா பியானோக்காரர் ஒருவரின் தட்டு இருந்தது. மாமா வருடக்கணக்காகக் கேட்டும் அவர் அசையவில்லை. 1994 சித்திரையில் மாமாவுக்கு அருமையான டிரம்பெட் தட்டு ஒன்று கிடைத்தது. கேள்விப்பட்டதும் யாகூப் பாய் போன் செய்தார்.

"அதக் குடுங்க, பியானோவ எடுத்துக்கங்க. வெள்ளிக்கிழமை வாரேன்."

தட்டு முழுக்க மலைப் பூஞ்சை. வெள்ளியன்று மாமா அதைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பக்குவமாகக் கழுவினார். பிறகு, எது ஈரமாக இருந்தாலும் செய்வதைச் செய்தார். பாக்குக்குப் பக்கத்தில் வெயிலில் வைத்துவிட்டு ஜும்மா தொழப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது தட்டின் ஓரம் அப்பளமாக நெளிந்திருந்தது.

"ஏனுங்க, இதுல ரசம் ஊத்தலாமாட்ட இருக்குதுங்க" என்றார் அவர் மனைவி சித்திகா அத்தை.

"சும்மா இரு அம்மணி. பியானோ போச்சு."

யாகூப் பாய் பியானோத் தட்டோடு வந்ததும் மாமா எதையும் மறைக்கவில்லை. "காயப்போட்டுப்போட்டனுங்க பாய். பாக்கோட."

யாகூப் பாய் மூட்டைமேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஒரு பக்கந்தானா, பொரட்டியும் போட்டீங்களா?"

அத்தைக்குத்தான் யோசனை வந்தது. "வெயிலு வளைச்சத வெயிலே நிமுத்தாதுங்களா?"

ஷோகேஸிலிருந்து இரண்டு கண்ணாடிகளை உருவிக்கொண்டு வந்தார். தட்டை நடுவில் வைத்து மறுபடி வெயில் காட்டினார்கள். அது இளகியதும் நிழலுக்கு மாற்றி மேலே பாக்கு மூட்டையை ஏற்றினார்கள். தட்டு ஆறும்வரை டீயும் போண்டாவும் ஓடின.

மாலையில் ஊசியை வைத்தால், ஓரத்தில் இருந்த முதல் பாட்டில் துள்ளித் துள்ளி விழுந்தது. அதற்கு அடுத்த பாட்டிலிருந்து டிரம்பெட் சுத்தமாக வந்தது. மறுபக்கமும் அப்படியே.

"பக்கத்துக்கு ஒரு பாட்டு போச்சு. அதுக்கு ஈடு வேணுமுங்க" என்றார் யாகூப் பாய்.

"பாக்கு ஒரு மூட்ட தாரனுங்க."

"இருக்கறதே நாலு பல்லு, பாக்கு எதுக்குங்க?" கொஞ்சநேரம் தாடியைத் தடவினார். "பியானோத் தட்டு உங்களுக்கு. அது போட்டிருந்த படம் போட்ட அட்டை எனக்கு."

மாமா அட்டையை ஒருமுறை ஆசையாகத் தடவிப் பார்த்துவிட்டு நீட்டினார். மறு நிமிடமே பியானோவைச் சுழலவிட்டார்.

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்த யாகூப் பாய், டிரம்பெட் தட்டையும் பியானோவின் வெறும் அட்டையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தட்டில் ஓடிக்கொண்டிருந்த பக்கம் முடியும்வரை வாசலிலேயே நின்றார்.